ஊதும் டெஸ்ட் நார்மல், இருமல் நிற்கவில்லை: சிடி ஸ்கேனில் சிஓபிடி முன்கூட்டியே தெரியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு 58 வயது. முப்பது வருடமாக ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி, இன்னும் விடவில்லை. இரண்டு வருடமாகக் காலையில் சளியோடு இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மார்பு எக்ஸ்ரே நார்மல். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். "சிடி எடுத்தால் சிஓபிடி ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும் என்கிறார்களே, எடுக்கலாமா?" இதுதான் கேள்வி. (சிஓபிடி என்பது பெரும்பாலும் புகையால் மூச்சுக்குழல்களும் காற்றறைகளும் கெட்டு, காற்று வெளியேறுவது அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்.) ஊரில் விறகடுப்பில் சமைக்கும் அம்மாவுக்கும் அதே மாதிரி இருமல் உண்டு என்று கடைசி வரியில் போகிற போக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் சொல்வது கஷ்டம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நேரடிப் பதில். தெரியும். ஊதும் டெஸ்ட் நார்மலாக இருக்கும்போதே நுரையீரலில் ஏற்பட்டிருக்கும் சேதத்தை சிடி காட்டும். இதில் இப்போது பெரிய சர்ச்சை கிடையாது. சர்ச்சையெல்லாம் அதற்கு அடுத்த கேள்வியில்தான்: தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? மார்பு சிடி படிப்பதே வேலையாக இருப்பவன் என்ற முறையில் என் கருத்து, எந்தத் தொந்தரவும் இல்லாதவர் சிஓபிடியைத் தேடுவதற்கென்று மட்டும் சிடி எடுக்க வேண்டியதில்லை. அப்பா போல இருமலும் மூச்சிரைப்பும் உள்ள, புகைக்கும் ஆளுக்கு எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எப்படி எடுக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது.

ஸ்பைரோமெட்ரி ஏன் ஏமாற்றுகிறது? முழு மூச்சை இழுத்து, பலமாக ஊதும்போது முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றை, மொத்தமாக வெளியேறிய காற்றால் வகுக்கிறார்கள். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அந்த விகிதம் 0.70க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு, சிஓபிடி என்று சொல்லலாம். இது எளிய, மலிவான, நல்ல டெஸ்ட்தான். ஆனால் அது அளப்பது மொத்த நுரையீரலின் கூட்டுத்தொகையை. மூச்சுக்குழல் தொண்டையிலிருந்து காற்றறைகள் வரை சுமார் 23 தடவை இரண்டிரண்டாகக் கிளை பிரிகிறது. உள்ளே போகப்போக ஒவ்வொரு குழலும் சிறுத்துக்கொண்டே போனாலும் எண்ணிக்கை பெருகுவதால், இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான சின்னக் குழல்கள் எல்லாம் சேர்ந்து காற்றுக்குத் தரும் தடை மிகக் குறைவு. நிறைய வாசல் உள்ள கல்யாண மண்டபத்தில் நாலைந்து வாசலை அடைத்தாலும் பந்தி முடிந்து ஜனம் வெளியேறுகிற நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது; சிஓபிடி ஆரம்பிப்பது அந்த மாதிரி வாசல்களில்தான்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1968லேயே ஜேம்ஸ் ஹாக், பீட்டர் மாக்லெம், வில்லியம் தர்ல்பெக் மூவரும் இறந்தவர்களின் நுரையீரல்களில் நேரடியாகத் தடையை அளந்து, இந்த நோயில் அடைப்பு இருப்பது சின்னக் குழல்களில்தான் என்று காட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து ஜெரே மீட் அந்தப் பகுதியை நுரையீரலின் ‘அமைதி மண்டலம்’ என்றார். எவ்வளவு கெட்டுப்போனாலும் சத்தம் வராத இடம் என்று அர்த்தம். அதே ஹாக் இருந்த குழுவின் ஆய்வு ஒன்று ஐம்பது வருடம் கழித்து, 2018ல் வந்தது. அறுவை சிகிச்சையில் கிடைத்த நுரையீரல் திசுக்களை, மிக நுண்ணிய அளவைக்கூடக் காட்டும் ஆய்வகக் கருவியான மைக்ரோ சிடியில் வைத்து எண்ணிப் பார்த்தார்கள். ‘லேசான சிஓபிடி’ என்று நாம் பெயர் வைத்திருக்கும் முதல் கட்டத்திலேயே, காற்றறைகளுக்கு முந்தைய கடைசிக் குழல்களில் 40 சதவீதம் அளவுக்குக் காணாமல் போயிருந்தன. சுருங்கிப்போனது வேறு, நான் சொல்வது இல்லாமலே போனதை. ஸ்பைரோமெட்ரி முதல்முறை "கோளாறு" என்று சொல்லும் நாளில் இவ்வளவு போய்விட்டிருக்கிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. ‘நார்மல்’ என்ற வரம்பு அகலமானது. அந்த வயது, உயரத்துக்கு எதிர்பார்க்கும் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக நார்மல் என்பார்கள். இளவயதில் 115 சதவீதம் இருந்த ஒருவர் இன்று 88க்கு வந்திருந்தால், கால்வாசி போய்விட்டது, ரிப்போர்ட்டில் நார்மல்தான். அவருடைய பழைய அளவு யாரிடமும் இல்லை.

எக்ஸ்ரேயைப் பற்றி ஒரே வரி: அது நார்மல் என்பதற்கு இந்த நோயைப் பொறுத்தவரை அர்த்தமே இல்லை. உதரவிதானம் தட்டையாகி, நுரையீரல் கறுத்து விரிந்து, எக்ஸ்ரேயில் சிஓபிடி தெரியும் கட்டத்தில் நோய் முற்றியிருக்கும். டிபி, புற்றுநோய், இதயக் கோளாறு இவற்றை ஒதுக்கத்தான் எக்ஸ்ரே.

சரி, சிடிக்கு வருவோம். சிடி படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு அடர்த்தி எண். கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் அந்த அலகு. தண்ணீர் 0, வெறும் காற்று மைனஸ் 1000. மூச்சை முழுக்க இழுத்துப் பிடித்த நுரையீரலில் காற்றும் திசுவும் ரத்தமும் கலந்திருப்பதால் ஆரோக்கியமான புள்ளிகள் மைனஸ் 850 சுற்றுவட்டாரத்தில் இருக்கும். காற்றறைகளின் சுவர் சிதைந்து ஓட்டை விழுந்த இடத்தில் திசு குறைந்து எண் மைனஸ் 1000ஐ நோக்கி இறங்கும். இந்தச் சிதைவுதான் எம்ஃபிசீமா. எந்த எண்ணில் கோடு போடுவது? 1990களின் நடுவில் பெல்ஜியத்தில், அறுவை சிகிச்சைக்குப் போகும் நோயாளிகளுக்கு முதலில் சிடி எடுத்து, பிறகு வெட்டி எடுத்த நுரையீரலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மைனஸ் 950 பொருந்தி வந்தது. இன்றும் எல்லா மென்பொருளும் அந்தக் கோட்டைத்தான் வைத்துக்கொண்டு, "நுரையீரலில் இத்தனை சதவீதம் மைனஸ் 950க்குக் கீழே" என்று கணக்குச் சொல்கின்றன.

கணக்கு இல்லாமல் கண்ணாலும் பார்க்கலாம். புகைப்பவர்களுக்கு வருவது பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில், ஒவ்வொரு சின்னக் கூறின் நடுவிலும் கரையான் அரித்த மாதிரிச் சின்னக் கறுப்பு ஓட்டைகள். கீழ்ப்பகுதியில் ஒரே சீராகக் கறுத்திருந்தால், அதுவும் வயது குறைவாக இருந்தால், ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே குறைவா என்று ரத்தத்தில் பார்க்கச் சொல்லவேண்டும். 2015ல் மார்புப் படங்களைப் படிக்கும் நிபுணர்களின் சங்கமான ஃப்ளெய்ஷ்னர் சொசைட்டி, கண்ணால் தரம் பிரிப்பதற்கு ஒரு அளவுகோல் தந்தது: ஒரு பகுதியில் அரை சதவீதத்துக்கும் குறைவாக ஓட்டை இருந்தால் ‘தடயம்’, ஐந்து சதவீதம் வரை ‘லேசு’, இப்படி மேலே போகும். அனுபவமுள்ள கண் அரை சதவீதத்தைப் பிடித்துவிடும். ஸ்பைரோமெட்ரி அந்த அளவுச் சேதத்தை எட்டிக்கூடப் பார்க்காது.

எம்ஃபிசீமா தவிர மூச்சுக்குழல் சுவர் தடித்திருப்பது, குழலுக்குள் சளி கட்டிப்போய் அடைத்திருப்பது, ஓரத்தில் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் குறைந்துபோவது இவையும் சிடியில் தெரியும். சளி அடைப்பை நாங்களெல்லாம் ரொம்ப காலம் கண்டுகொள்ளாமல் விட்டோம். 2023ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று, சிஓபிடி நோயாளிகளில் நடுத்தர, பெரிய குழல்களில் சளி அடைத்திருப்பவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று காட்டிய பிறகு தேடிப் பார்க்கிறோம்.

ஆனால் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. நோய் ஆரம்பிப்பது இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவான குழலில் என்றேன். நாம் எடுக்கும் சாதாரண சிடிக்குத் தெளிவாகத் தெரிவது சுமாராக அந்த அளவு வரைதான். அப்படியென்றால் முக்கியமான இடம் கண்ணுக்கே தெரியாதா? நேரடியாகத் தெரியாது. அதைச் சுற்றுவழியில் பிடிக்கிறார்கள்: மூச்சை முழுக்க வெளியே விட்ட நிலையில் இன்னொரு படம் எடுத்து. மூச்சை விட்டதும் ஆரோக்கியமான நுரையீரல் சுருங்கி அடர்த்தி கூடி, படத்தில் வெளுத்துப்போகும். சின்னக் குழல் அடைத்திருக்கும் இடத்தில் காற்று வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொண்டு கறுப்பாகவே நிற்கும். மூச்சை விட்ட படத்தில் மைனஸ் 856க்குக் கீழே இருக்கும் இடமெல்லாம் காற்று சிக்கிய இடம் என்பது நடைமுறைக் கணக்கு.

2012ல் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் க்ரெய்க் கல்பானும் சகாக்களும் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். மூச்சை இழுத்த படத்தையும் விட்ட படத்தையும் கணினியில் புள்ளிக்குப் புள்ளி பொருத்தினார்கள். இரண்டு படத்திலும் நார்மலாக இருக்கும் புள்ளிக்குப் பச்சை. இரண்டிலும் கோட்டுக்குக் கீழே இருந்தால் திசு சிதைந்துவிட்டது, எம்ஃபிசீமா, சிவப்பு. மூச்சை இழுத்தபோது நார்மல், விட்டபோது மட்டும் காற்று சிக்குகிறது என்றால் மஞ்சள்: அங்கே திசு இன்னும் இருக்கிறது, சின்னக் குழல் மட்டும் வேலை செய்யவில்லை. இந்த மஞ்சள்தான் முன்கூட்டியே கண்டறிவதில் பெரிய பரிசு. மஞ்சளாகக் காட்டிய இடங்களின் திசுவைப் பின்னால் மைக்ரோ சிடியில் பார்த்தபோது, அங்கே கடைசிக் குழல்கள் நிஜமாகவே குறைந்தும் குறுகியும் இருந்தன. மஞ்சள் அதிகம் உள்ளவர்களுக்கு அடுத்தடுத்த வருடங்களில் மூச்சுத்திறன் வேகமாகக் குறைவதும் தெரியவந்தது. என்னைக் கேட்டால், கடந்த இருபது வருடத்தில் இந்த நோயின் படமெடுப்பில் வந்த நல்ல யோசனை இது ஒன்றுதான். மற்றவை பெரும்பாலும் அதற்கு மெருகு. ஆனால் ஒன்று: ஆஸ்துமாவிலும் காற்று சிக்கும், வயதானால் நோயே இல்லாமலும் கொஞ்சம் சிக்கும். மஞ்சளைப் பார்த்ததும் சிஓபிடி என்று எழுதிவிட முடியாது.

இதே கேள்விக்கு எம்ஆர்ஐ வழியாகவும் ஒரு பதில் இருக்கிறது. சாதாரண எம்ஆர்ஐக்கு நுரையீரல் என்பது வெறும் கறுப்புக் குழி. சிக்னல் தர அங்கே தண்ணீர் போதாது. அதனால் செனான்-129 என்ற வாயுவை லேசர் ஒளியால் காந்தத்தன்மை ஏற்றி, நோயாளி அதை இழுத்துச் சில நொடிகள் மூச்சைப் பிடிக்கும்போது படமெடுக்கிறார்கள். வாயு போய்ச் சேர்ந்த இடம் ஒளிரும், போகாத இடம் இருட்டு. செனான் ரத்தத்திலும் கரையும் என்பதால், காற்றறையிலிருந்து ரத்தத்துக்குப் போகும் வழி எப்படி இருக்கிறது என்றும் பார்க்கலாம். கதிர்வீச்சே கிடையாது. 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்டிஏ இதற்கு அனுமதி தந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில் பல வருடமாக இதில் வேலை நடக்கிறது. அழகான படங்கள். அப்பாவுக்கு இன்று உதவாது. நம் ஊர் ஸ்கேன் சென்டரில் போய்க் கேட்டால் முழிப்பார்கள்.

இப்போது, சிடியில் தெரிந்த ஓட்டை நிஜமாகவே ஆளைப் பாதிக்குமா, இல்லை சும்மா ஒரு படச் சமாச்சாரமா? இதற்குப் பதில் தேடித்தான் அமெரிக்காவில் சிஓபிடிஜீன் என்ற ஆய்வு, புகைத்தவர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டு, இழுத்த படம், விட்ட படம் இரண்டும் எடுத்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. 2015ல் அவர்கள் வெளியிட்டது: ஸ்பைரோமெட்ரி நார்மல் என்று வந்த புகைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அறிகுறியோ, நடக்கும் தூரம் குறைவதோ, சிடி மாற்றமோ ஏதாவது ஒன்று இருந்தது. மெசா என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வு, அடைப்பே இல்லாதவர்களிலும் எம்ஃபிசீமா அதிகம் இருந்தால் இறப்பு அதிகம் என்று 2014ல் காட்டியிருந்தது.

இதன் தொடர்ச்சியாக 2025ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் சிஓபிடிஜீன் குழுவினர் ஒரு புதிய நோயறியும் முறையை முன்வைத்தார்கள். ஊதும் டெஸ்டில் அடைப்பு என்பது பெரிய அளவுகோல். சிறிய அளவுகோல்கள் ஐந்து: சிடியில் எம்ஃபிசீமா, சிடியில் குழல் சுவர் தடிப்பு, மூச்சிரைப்பு, மூச்சுத் தொந்தரவால் அன்றாட வாழ்க்கை கெடுவது, நாள்பட்ட சளி இருமல். அடைப்போடு ஏதாவது ஒரு சிறியது சேர்ந்தால் சிஓபிடி. அடைப்பே இல்லாவிட்டாலும் சிறியவற்றில் மூன்று இருந்தால் சிஓபிடி. அறிகுறிகளுக்கு வேறு காரணம் இருக்கலாம் என்றால் சிடி அளவுகோல் இரண்டுமே வேண்டும். இதன்படி, அடைப்பு இல்லை என்று இதுவரை விட்டுவிட்டவர்களில் 15.4 சதவீதம் பேர் புதிதாக நோயாளிகள் ஆனார்கள். அவர்களுக்கு இறப்பும், திடீரென்று நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும், மூச்சுத்திறன் இறங்குவதும் மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தன. அடைப்பு உண்டு என்று முத்திரை குத்தியவர்களில் 6.8 சதவீதம் பேர் வெளியே வந்தார்கள். அவர்களுக்கு எதுவும் பெரிதாக ஆகவில்லை. எனக்கு இந்த இரண்டாவது எண் தான் பிடித்தது. படமெடுத்தால் நோயாளி எண்ணிக்கை கூடத்தான் செய்யும் என்ற பயத்துக்கு, தேவையில்லாத முத்திரையை நீக்கவும் அதுவே உதவும் என்று ஒரு பதில். நடைமுறையில் இன்னும் 0.70தான் ஆட்சி செய்கிறது. உலக அளவில் வழிகாட்டும் கோல்டு அறிக்கை, அடைப்பு வராமல் அறிகுறியோ சிடி மாற்றமோ இருப்பவர்களை ‘சிஓபிடிக்கு முந்தைய நிலை’ என்று தனியாக வைக்கிறது.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது. மருந்து? இங்கேதான் ஏமாற்றம். 2022ல் வெளியான ரீதிங்க் என்ற பரிசோதனையில், அப்பாவைப் போலவே புகைத்த, அறிகுறி உள்ள, ஊதும் டெஸ்ட் நார்மலான ஐநூற்றுச் சொச்சம் பேரைச் சேர்த்து, பாதிப்பேருக்கு மூச்சுக்குழலை விரிக்கும் இரண்டு மருந்து சேர்ந்த இன்ஹேலரும், பாதிப்பேருக்கு வெறும் போலி இன்ஹேலரும் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 56.4 சதவீதம் பேருக்கு அறிகுறி குறைந்தது. போலி எடுத்தவர்களில் 59 சதவீதம். அதாவது ஒரு பயனும் இல்லை. ஆகவே "சிடியில் ஆரம்ப நிலை தெரிகிறது" என்று சொல்லி யாராவது வாழ்நாள் முழுக்க இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால், எதற்கு என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆஸ்துமா கலந்திருந்தால் விஷயம் வேறு. அதை டாக்டர் தனியாகப் பார்த்துச் சொல்லவேண்டும்.

பலன் தருவது ஒன்றுதான், பீடியை விடுவது. இதைச் சொல்ல ஸ்கேன் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் எவ்வளவு பலன் என்று பார்த்தால் மருந்து வரவில்லையே என்ற வருத்தம் குறையும். அமெரிக்காவில் லேசான அடைப்பு இருந்தவர்களைப் பதினோரு வருடம் பின்தொடர்ந்த லங் ஹெல்த் ஸ்டடியில், விடாமல் புகைத்த ஆண்களுக்கு முதல் நொடிக் காற்று வருடத்துக்கு 66 மில்லிலிட்டர் குறைந்துகொண்டே போனது, விட்டவர்களுக்கு 30தான். அது கிட்டத்தட்ட வயதுக்கே உரிய இயல்பான குறைவு. நோயின் போக்கையே இந்த அளவுக்குத் திருப்பும் மருந்து எதுவும் நம்மிடம் இல்லை. பார்த்தால் விடுவாரா என்பது ஆளைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 2008ல் வந்த ஒரு ஆய்வில், ஸ்பைரோமெட்ரி முடிவை "உங்கள் நுரையீரலுக்கு இத்தனை வயது" என்று மாற்றிச் சொன்னதற்கே, ஒரு வருடத்தில் விட்டவர்கள் 6.4 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானார்கள். அதற்கு ஸ்கேனே தேவைப்படவில்லை.

இனி அப்பாவுக்கு நான் என்ன செய்யச் சொல்வேன் என்பது. முதலில் அந்த ஸ்பைரோமெட்ரி ஒழுங்காக எடுத்ததா என்று பாருங்கள். ஆறு நொடிக்காவது விடாமல் ஊதினாரா, மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்தார்களா? பாதியில் ஊதுவதை நிறுத்தினால் விகிதம் பொய்யாக நல்லதாக வரும். கூட்டமான இடங்களில் இது சர்வசாதாரணம். அப்புறம் டிஎல்சிஓ என்ற டெஸ்ட், நுரையீரலிலிருந்து வாயு ரத்தத்துக்குள் எவ்வளவு போகிறது என்று அளப்பது. பெரிய ஆஸ்பத்திரிகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் கிடைக்கும், கதிர்வீச்சு இல்லை. நியூயார்க்கில் ஊதும் டெஸ்ட் நார்மலான புகைப்பவர்களை மூன்று நான்கு வருடம் பின்தொடர்ந்தபோது, டிஎல்சிஓ குறைந்திருந்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு அடைப்பு வந்தது, நார்மலாக இருந்தவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான். சின்ன ஆய்வு, நூற்றுச் சொச்சம் பேர். ஆனாலும் சொல்கிற செய்தி தெளிவு.

அதோடு வீட்டில் அலமாரியைத் தேடுங்கள். கோவிட் சமயத்தில் 2020, 2021ல் எத்தனை வீட்டில் மார்பு சிடி எடுத்தார்கள்! அப்பாவுக்கும் எடுத்திருந்தால் அந்தப் படம் பதிந்த தட்டு இன்னும் எங்காவது கிடக்கும். அன்று ரிப்போர்ட் எழுதியவர் தேடியது நிமோனியாவை. "லேசான எம்ஃபிசீமா மாற்றங்கள்" என்று கடைசியில் ஒரு வரி இருந்திருக்கும், யாரும் படித்திருக்கமாட்டார்கள். அல்லது எழுதாமலே விட்டிருப்பார்கள், படத்தில் இருக்கும். கோவிட் நிழல்கள் தீவிரமாக இருந்தால் கணினிக் கணக்குக்கு அந்தப் படம் உதவாது. கண்ணால் மேல்பகுதியைப் பார்க்கப் பெரும்பாலும் போதும். புதிதாக எடுக்கும் முன் அதைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.

புதிதாக எடுப்பதென்றால் நரம்பில் சாய மருந்து ஏற்றாத, ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லிய வெட்டு, முழு மூச்சை இழுத்து ஒன்று, குறைந்த கதிர்வீச்சில் மூச்சை விட்டு ஒன்று. இந்த இரண்டாவதைக் கேட்டு வாங்கவேண்டும், கேட்காவிட்டால் எடுக்கமாட்டார்கள். குறைந்த அளவு சிடியில் கதிர்வீச்சு சுமார் ஒன்று, ஒன்றரை மில்லிசீவர்ட். வழக்கமான மார்பு சிடியில் அதைப்போல நான்கைந்து மடங்கு. இயற்கையாகவே நாம் வருடத்துக்கு இரண்டு மூன்று மில்லிசீவர்ட் வாங்குகிறோம். 58 வயதில் இது பயப்படும் அளவு இல்லை. அமெரிக்காவில் 50 முதல் 80 வயது வரை, நிறைய புகைத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய்க்காகவே வருடாவருடம் குறைந்த அளவு சிடி பரிந்துரைக்கிறார்கள். அந்தப் படத்திலேயே எம்ஃபிசீமாவையும் பார்த்துவிடுவது அங்கே இப்போது நடக்கும் முயற்சி. நம் ஊரில் அதை அப்படியே கொண்டுவருவதில் ஒரு தொல்லை, பழைய டிபி தழும்பும் சின்னச் சின்ன முடிச்சுகளும் இங்கே ஏராளம். ஒன்றைத் தேடப்போய் ஒன்பதைக் கண்டுபிடித்து, ஊசி போட்டுத் திசு எடுக்கும் வரை போய்விடும்.

அம்மா விஷயம். சிடியில் எம்ஃபிசீமா சதவீதத்தை மட்டும் பார்த்தால் அவருக்கு நோயே இல்லை என்று வந்துவிடலாம். மேலே சொன்ன கோடுகளும் கணக்குகளும் பெரும்பாலும் சிகரெட் புகைத்த அமெரிக்கர்களை வைத்து உருவானவை. சிஓபிடிஜீனில் சேர்த்ததே புகைத்த வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும்தான். விறகுப் புகை வேறு மாதிரி வேலை செய்கிறது. மெக்சிகோவில் சிகரெட் புகைத்து சிஓபிடி வந்த பெண்களையும், அடுப்புப் புகையால் வந்த பெண்களையும் ஒப்பிட்டு 2014ல் வந்த ஆய்வில், அடுப்புப் புகைப் பெண்களுக்கு எம்ஃபிசீமா குறைவு, காற்று சிக்குவது அதிகம். அதாவது நோய் இருப்பது குழலில், ஓட்டை விழவில்லை. அம்மாவுக்கு மூச்சை இழுத்த படம் மட்டும் எடுத்து "நார்மல்" என்று அனுப்பினால், பார்க்கவேண்டிய பாதியைப் பார்க்காமலே அனுப்பியதாகும். சிகரெட்டையே தொடாத பெண்களுக்கு சிஓபிடி வரும் என்பதே நம் கிராமங்களில் பல இடங்களில் டாக்டரின் மனதில் முதலில் தோன்றுவதில்லை; இளைப்பு, அலர்ஜி என்று சிரப்போடு முடிந்துவிடுகிறது. அவருக்கு இதுவரை ஊதும் டெஸ்ட்கூட எடுக்கவில்லை என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. சிடிக்கு முன் அதை எடுங்கள். சளிப் பரிசோதனையும், முன்பு டிபி வந்ததா என்ற விசாரணையும் அதோடு. அடுப்பை மாற்ற முடிந்தால் அதுதான் அவருக்குப் பீடியை விடுவதற்குச் சமம். கேஸ் இருந்தும் வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகே என்ற வழக்கம் இருந்தால், அந்த இரண்டையாவது முதலில் மாற்றுங்கள். அடுப்பை வெளியே தள்ளி வைப்பதும் கொஞ்சம் உதவும்.

கடைசியாக, ரிப்போர்ட் கையில் வந்த பிறகு இரண்டு எச்சரிக்கை. சதவீத எண்ணை நம்புவதற்கு முன் படம் எப்படி எடுத்தது என்று பார்க்கவேண்டும். மூச்சைப் பாதி இழுத்தால் எம்ஃபிசீமா குறைவாகத் தெரியும். படத்தைக் கூர்மையாகக் காட்டும் முறையில் கணக்குப் போட்டால் இல்லாத எம்ஃபிசீமா வரும். இதைவிட வேடிக்கை, புகைப்பவரின் நுரையீரலில் அழற்சி இருப்பதால் அடர்த்தி கொஞ்சம் கூடுதலாக இருக்கும்; பீடியை விட்டதும் அழற்சி வடிந்து அடர்த்தி குறையும், உடனே கணினி "எம்ஃபிசீமா கூடிவிட்டது" என்று சொல்லும். டென்மார்க்கின் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வில் இதைப் பதிவே செய்திருக்கிறார்கள். விட்ட பிறகு எடுத்த படத்தில் எண் கூடியிருப்பதைப் பார்த்து, "விட்டதால்தான் மோசமானது" என்று அப்பா திரும்பப் பற்றவைத்துவிடக் கூடாது.

மற்றொன்று, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிடி எடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஆல்ஃபா-1 குறைபாடு என்ற, எம்ஃபிசீமா வேகமாக முற்றும் நோயிலேயே, 2015ல் வந்த ரேபிட் என்ற மருந்துப் பரிசோதனையில் சிகிச்சை பெறாதவர்களுக்கு நுரையீரல் அடர்த்தி வருடத்துக்கு லிட்டருக்கு 2.19 கிராம், மருந்து பெற்றவர்களுக்கு 1.45 கிராம் என்றுதான் குறைந்தது. அந்த அளவு மாற்றம் ஹவுன்ஸ்ஃபீல்டு கணக்கில் ஒன்றிரண்டு அலகு. அப்பா ஒரு தடவை கொஞ்சம் ஆழமாகவும் அடுத்த தடவை கொஞ்சம் மேலோட்டமாகவும் மூச்சிழுத்தால் வரும் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. வருடத்துக்கு ஒரு முறை ஊதும் டெஸ்ட், முடிந்தால் டிஎல்சிஓ, இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே மெஷினில் எடுத்து ஃபைலில் சேர்த்துவாருங்கள். புதிய அறிகுறி, சளியில் ரத்தம், எடை குறைவது என்று ஏதாவது வந்தால் மட்டும் மறுபடி சிடி.